மேல்பலகை எவ்வளவு அசையலாம்? பழைய ஹாலோபாடி எலெக்ட்ரிக் கிட்டார் வாங்குவோருக்கு ஓர் ஒப்பீடு

1950-களின் ராக் அண்ட் ரோலையோ 1960-களின் பிரிட்டிஷ் ராக்கையோ காதில் வைத்துக்கொண்டு ஹாலோபாடி கிட்டார், அதாவது உடலுக்குள் வெற்றிடம் உள்ள கிட்டார், தேடுபவர் முன்னால் கடைசியில் மூன்று பெயர்கள்தான் மிஞ்சும்: க்ரெட்ச் 6120, எபிஃபோன் கேசினோ, கிப்சன் இ.எஸ்-335. ஜாஸ் பக்கமும் ஆசை உள்ளவர் இ.எஸ்-175-ஐச் சேர்த்துக்கொள்வார். படத்தில் பார்த்தால் எல்லாம் ஒரே குடும்பம். வளைந்த மேல்பலகை, அதில் f எழுத்து வடிவில் இரண்டு எஃப் துளை, தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் இரண்டு பிக்கப், உடலின் ஓரத்தைச் சுற்றி வெள்ளைப் பட்டையாக பைண்டிங். ஆம்ப்பில் செருகி வால்யூமைத் திருப்பியதும் உறவு முறிந்துவிடும். நான்கும் நான்கு வாத்தியங்கள். நிறத்தையும், யார் கையில் அது இருந்தது என்பதையும் மட்டும் பார்த்து வாங்கியவர்கள் சீக்கிரமே அதை விற்கக் கொண்டுவருவது இதனால்தான். முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றே: டிரம்ஸ் பக்கத்தில் நின்று எவ்வளவு சத்தத்தில் வாசிக்கப்போகிறேன்?

இந்தக் கேள்விக்கு ஏன் இத்தனை கனம் என்றால், ஹாலோபாடியின் இனிமைக்கும் அதன் தொல்லைக்கும் காரணம் ஒன்றுதான். மேல்பலகை அசைகிறது. தந்தியைத் தட்டியதும் அதன் ஆற்றலில் ஒரு பங்கு, தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் வழியாகப் பலகைக்குள் இறங்கிவிடும். அதனால் ஒலி சட்டென்று வெடித்து எழும், சட்டென்று அடங்கும். அந்த வெடிப்புதான், கன்ட்ரி கலந்த 1950-களின் ராக் அண்ட் ரோலான ராக்கபில்லியின் உயிர். எதிர்த்திசையிலும் இதே பாதை திறந்திருக்கிறது. ஆம்ப்பின் ஒலி பலகையை அசைக்கும், பலகை பிரிட்ஜை அசைக்கும், பிரிட்ஜ் தந்தியை அசைக்கும், பிக்கப் அதை மறுபடி ஆம்ப்புக்கு அனுப்பும். இந்த வட்டம் மூடிக்கொண்டால் ஊளை (ஃபீட்பேக்). பெரும்பாலான ஹாலோபாடிகளில் உடலின் இயல்பதிர்வு ஏறத்தாழ 100 முதல் 250 ஹெர்ட்ஸ் வரைக்குள் விழும். ஐந்தாம் தந்தியைத் திறந்து வாசித்தால் 110 ஹெர்ட்ஸ், மூன்றாம் தந்தி 196. அதாவது அன்றாடம் கைபடும் சுரங்களிலேயே கண்ணி காத்திருக்கிறது. பலகையை எவ்வளவு கட்டிப்போட்டார்கள் என்பதில்தான் இந்த நான்கு கிட்டார்களும் வேறுபடுகின்றன.

க்ரெட்ச் 6120

நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்த க்ரெட்ச், கன்ட்ரி கிட்டார் கலைஞர் செட் அட்கின்ஸ் பெயரோடு 1950-களின் நடுவில் வெளியிட்ட ஆரஞ்சு நிறக் கிட்டார் இது. அகலம் 16 அங்குலம், லாமினேட் (அடுக்கி ஒட்டிய) மேப்பிள் மர உடல், சுருதியை நெளிக்கும் கைப்பிடியான பிக்ஸ்பி வைப்ராட்டோ. ஒரே எண்ணில் பல கிட்டார்கள் ஒளிந்திருப்பதால் ஆண்டைப் பார்க்காமல் 6120 வாங்கக் கூடாது.

முதல் சில ஆண்டுகளில் ஒஹாயோவின் டொலீடோவில் டிஆர்மண்ட் செய்த டைனாசோனிக் பிக்கப் இருந்தது. ஒற்றைச் சுருள், ஒவ்வொரு தந்திக்கும் கீழே திருகி ஏற்றி இறக்கக்கூடிய காந்தம். ஒலி தடித்து, கூர்மையாக, உலோகம் தட்டியது போல வரும். ராக் அண்ட் ரோல் பாடகர் எடி காக்ரன் தன் 6120-இல் நெக் (கிட்டாரின் கழுத்து) பக்கத்து டைனாசோனிக்கைக் கழற்றிவிட்டு, கிப்சனின் ஒற்றைச் சுருள் பிக்கப்பான பி-90-ஐப் பொருத்தினார். கிட்டார் கலைஞர் டுவேன் எடி அதே வகைக் கிட்டாரில் மெட்டு முழுவதையும் தாழ்ந்த தந்திகளில் வாசித்து, அரிசோனாவின் ஃபீனிக்ஸில் ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டியை எதிரொலி அறையாக்கிப் பதிவு செய்தார். இந்தப் பிக்கப்பின் குறையும் காந்தத்தில்தான் இருக்கிறது. அது வலுவானது, தந்திக்கு மிக அருகே ஏற்றினால் தந்தியை இழுத்துப் பிடிக்கும். நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃப்ரெட்டுகளில், உடலை ஒட்டியவற்றில் சுரம் நெளியும், கார்வை (ஒலி நீடிப்பு) குறுகும். கடைசி ஃப்ரெட்டை அழுத்திய நிலையில் தந்திக்கும் காந்தத்துக்கும் 3 மில்லிமீட்டராவது விட்டுத் தொடங்கி, தடித்த இரண்டு தந்திகளின் பக்கம் இன்னும் சற்றே இறக்க வேண்டும். கார்வை குறைகிறது என்று அட்கின்ஸே குறைப்பட்டார்.

இல்லினாய் மாநிலத்தின் கெய்ரோ என்ற சிறு ஊரில் இருந்த ரே பட்ஸ், அதற்கு விடையாக இரட்டைச் சுருள் ஃபில்டர்ட்ரானைச் செய்தார். ஸ்காட்டி மூர் எல்விஸோடு பயன்படுத்திய, உள்ளேயே டேப் எக்கோ வைத்த எக்கோசோனிக் ஆம்ப்பைச் செய்தவரும் இவரே. 1958 வாக்கில் 6120-க்குள் ஃபில்டர்ட்ரான் வந்துவிட்டது. இதன் மின்தடை 4 கிலோஓம் அளவுதான்; கிப்சனின் இரட்டைச் சுருள் பிக்கப்பான ஹம்பக்கரில் ஏறக்குறைய பாதி. சுற்றுக்கம்பி குறைவு என்பதால் மேல் அதிர்வெண்கள் அமுங்குவதில்லை. இரைச்சலும் இல்லை, மினுமினுப்பும் போகவில்லை. ஆம்ப்பை முன்னால் தள்ளும் வலு மட்டும் குறைவு.

அதே காலத்தில் உள்ளே இன்னொரு மாற்றம் நடந்தது. மேல்பலகைக்கு அடியில் ஓடும் இரண்டு கட்டைகளுக்குக் கால் வைத்துப் பின்பலகையோடு இணைத்தார்கள். இதை ட்ரெஸ்ல் பிரேசிங் என்பார்கள். பலகை முழுச் சுதந்திரமாகவும் இல்லை, முழுக்கக் கட்டுண்டும் இல்லை. ஸ்ட்ரே கேட்ஸ் குழுவின் பிரையன் செட்ஸர் 1959-ஆம் ஆண்டு 6120-ஐ, 1963-ஆம் ஆண்டு ஃபெண்டர் பேஸ்மேன் ஆம்ப்பில் அவ்வளவு உரக்க வாசிக்க முடிவதில் இந்தக் கால்களுக்குப் பெரிய பங்கு உண்டு. கிட்டார் கலைஞர் ஜோ வால்ஷ் பரிசளித்த ஒரு 6120-ஐ, தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட் 1970-களின் தொடக்கத்தில் ஸ்டுடியோவில் கனமான கார்டுகளுக்கு நம்பியிருந்தார். ராக்கபில்லிக்கு மட்டும்தான் இந்தக் கிட்டார் என்ற எண்ணத்தைக் கலைக்க அந்த ஒரு சான்று போதும். 1961 வாக்கில் உடலின் ஆழம் 2¼ அங்குலம் வரை மெலிந்தது; பிறகு நெக்கின் இருபுறமும் உடலை வெட்டிய இரட்டை வெட்டு வடிவமும், வெறும் வண்ணத்தில் வரைந்த எஃப் துளைகளும் வந்தன. மூடிய உடல் என்பதால் ஊளை குறைவு. ஆனால் பிக்கப் ஒயர் ஒன்று விட்டுப்போனால் உள்ளே கைவிட வழியும் குறைவு.

என் தீர்ப்பில், 1958 முதல் 1961 வரையிலான ஒற்றை வெட்டு, ட்ரெஸ்ல் பிரேசிங், ஃபில்டர்ட்ரான் கொண்ட 6120-தான் எல்லா ஹாலோபாடிகளிலும் ராக்குக்கு மிக நன்றாக ஒத்துவந்த ஒன்று. அசல் வாங்குவதா என்பது தனிக் கேள்வி. அதற்குப் பிறகு வருவோம்.

கேசினோவும் இ.எஸ்-330-உம்

எபிஃபோனை கிப்சனின் தாய் நிறுவனம் 1957-இல் வாங்கிய பிறகு இரண்டு பெயர்க் கிட்டார்களும் மிச்சிகனின் கலமசூ ஆலையிலேயே உருவாயின. இ.எஸ்-330 வந்தது 1959-இல்; அதன் எபிஃபோன் உடன்பிறப்பான கேசினோ 1961-இல். உடல் 335-ஐப் போலவே மெலிந்தது, அதே இரட்டைக் கொம்பு. உள்ளே மட்டும் ஒன்றும் இல்லை, சுத்தமான வெற்றிடம். அதனால் எடை பெரும்பாலும் 3 கிலோவுக்குள் அடங்கிவிடும். ஆம்ப் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்து வாசித்தாலே போதிய சத்தம் வரும்.

பி-90 பிக்கப் இந்த உடலுக்கென்றே பிறந்தது போல இருக்கும். 42-ஆம் எண் கம்பி ஏறத்தாழ 10,000 சுற்று, மின்தடை 8 கிலோஓமை ஒட்டி. நடு அதிர்வெண்கள் முந்திக்கொண்டு வரும். வால்யூமை 7-இல் வைத்தால் மணி போலத் தெளியும். 10-க்குத் திருப்பினால் வால்வ் ஆம்ப் உறுமும். பெடலே வேண்டாம், விரலும் குமிழும் போதும். பீட்டில்ஸ் குழுவில் பால் மெக்கார்ட்னி முதலில் ஒன்றை வாங்கினார். 1966-இல் லெனனும் ஹாரிசனும் ஆளுக்கொன்று வாங்கினார்கள். லெனன் 1968-இல் தன்னுடையதன் வண்ணத்தைச் சுரண்டி வெறும் மரமாக்கி, 1969 ஜனவரி 30-ஆம் தேதி லண்டன் மொட்டைமாடியில் வாசித்தார். நம் காலத்தில் ப்ளூஸ் கலைஞர் கேரி கிளார்க் ஜூனியர் அதே வகைக் கிட்டாரில் ஃபஸ் என்ற கரகரப்பு விளைவைப் போட்டு, ஊளையையே சுரமாக்கி வாசிக்கிறார்.

குறைகள் மூன்று. ஒற்றைச் சுருள் என்பதால் மின்சார இரைச்சல் உண்டு. ட்யூப்லைட், டிம்மர், மலிவான அடாப்டர் பக்கத்தில் இருந்தால் தாங்காது. பழையவற்றில் பொதுவாக இரண்டு பிக்கப்பும் ஒரே போக்கில் சுற்றப்பட்டிருப்பதால் சுவிட்சை நடுவில் வைத்தாலும் அது அடங்காது. அடுத்து, நெக் 16-ஆவது ஃப்ரெட் அருகிலேயே உடலோடு சேர்ந்துவிடுகிறது. 335-இல் எளிதாக எட்டும் மேல் ஃப்ரெட்டுகள் இங்கே கையை முறுக்கினால்தான் எட்டும். உயர்ந்த ஸ்தாயியில் நீண்ட லீட் வாசிப்பவர் இதை வாங்கி வருந்துவார். மூன்றாவது ஊளை. இது சீக்கிரம் கத்தும். கிட்டாரின் முகம் ஆம்ப்பைப் பார்க்காதபடி பக்கவாட்டில் நின்று, 200 ஹெர்ட்ஸ் பக்கம் ஈக்யூவில் 3 முதல் 4 டெசிபெல் குறைத்து, கெயினை (ஆம்ப்பின் உள்ளீட்டுப் பெருக்கத்தை) இறக்கி மாஸ்டர் வால்யூமை ஏற்றினால் சிறு மேடையில் சமாளிக்கலாம். எஃப் துளைக்குள் ஃபோம் அடைப்பது காற்றின் அதிர்வை மட்டுமே தணிக்கும். பலகையின் அதிர்வு அப்படியே இருக்கும், ஒலியின் வெடிப்பு மட்டும் மங்கும். தேவைப்பட்டால் துளையை மூடும் அளவுக்கு ஃபோமை வெட்டிச் செருகுங்கள். உடலை நிரப்ப வேண்டாம்.

இ.எஸ்-335

1958-இல், நிறுவனத் தலைவர் டெட் மெக்கார்ட்டியின் கீழ் கிப்சன் ஒரு சமரசம் செய்தது. மெலிந்த ஹாலோபாடியின் நடுவே தலைமாட்டிலிருந்து கால்மாட்டு வரை ஒரு மேப்பிள் கட்டை. பிரிட்ஜும், தந்திகளின் அடிமுனையைப் பிடிக்கும் டெயில்பீஸும், பிக்கப்பும் அதன்மேல் திருகப்பட்டிருக்கும். இரு பக்கச் சிறகுகள் மட்டும் வெற்று. எடை 3½ கிலோவைத் தொடும். கார்வை நீளும், ஊளை கட்டுக்குள் இருக்கும்; வந்தாலும் சுரத்தோடு வரும், வாசிப்பவர் அதைப் பிடித்து நிறுத்தலாம். எரிக் கிளாப்டன் கிரீம் குழுவின் 1968-ஆம் ஆண்டு விடைபெறும் நிகழ்ச்சியில் வாசித்த 1964-ஆம் ஆண்டு 335, 2004-இல் ஏலத்தில் 8,47,500 டாலருக்குப் போனது. பி.பி. கிங் இதே குடும்பத்தின் இ.எஸ்-355-ஐ வாசித்தவர். 1980-இல் கிப்சன் அவருக்காகச் செய்த கிட்டாரில் எஃப் துளைகளே இல்லை. நடுக்கட்டை இருந்தும் பெரிய மேடையில் அவருக்கு அந்த அடைப்பு தேவைப்பட்டது. வெற்றுடலை எந்த மேடைக்கும் கொண்டுபோகலாம் என்று நம்புபவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இங்கே பேச வேண்டியது இழப்பைப் பற்றி. 335-இல் அந்த வெடிப்பு இல்லை. தட்டியதும் ஒலி சற்றுத் தாமதித்து, உருண்டு, நீண்டு வருகிறது. ப்ளூஸ் லீடுக்கு இது வரம். ராக்கபில்லிக்கும் துள்ளலான ரிதமுக்கும் கொஞ்சம் தூக்கக் கலக்கம். இரட்டைச் சுருள் பிக்கப்பின் நடு அதிர்வெண் தடிமனும் சேர்ந்துகொள்வதால், பேண்டில் இன்னொரு ஹம்பக்கர் கிட்டார் இருந்தால் இரண்டும் ஒன்றை ஒன்று மறைக்கும். எல்லாவற்றையும் ஒரே கிட்டாரில் வாசிக்க வேண்டியவருக்கு, அதுவும் உரக்க வாசிக்க வேண்டியவருக்கு, இதைவிடப் பாதுகாப்பான தேர்வு இல்லை. ஹாலோபாடியின் நாதத்தையே தேடி வந்தவருக்குப் பாதி வழியில் நின்ற உணர்வு வரும்.

இ.எஸ்-175, இ.எஸ்-295

175 வந்தது 1949-இல்: 3⅜ அங்குல ஆழம், லாமினேட் மேப்பிள், கூரான வெட்டு. 1952-இல் வந்த 295 அதன் தங்க நிற வடிவம்; 1954-இல் மெம்ஃபிஸின் சன் ஸ்டுடியோவில் எல்விஸின் முதல் பதிவுகளில் ஸ்காட்டி மூர் கையில் இருந்தது அதுதான். யெஸ் குழுவின் ஸ்டீவ் ஹோ 175-ஐக் கொண்டு முழு ப்ராக்ரெசிவ் ராக்கையே வாசித்தார். முடியாது என்றில்லை. ஆழமான உடலுக்குக் குறைந்த கெயினும் கவனமான வலது கையும் வேண்டும். வீட்டிலும் ஸ்டுடியோவிலும் சன் காலத்து ஒலியைத் தேடுபவர் மட்டும் இதைப் பார்க்கலாம். ரிக்கன்பேக்கரின் 12 தந்தி 360-ஐ இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. அதன் உடல் திட மேப்பிளைக் குடைந்தது. அது வேறு நாதம், வேறு தேவை.

ஆம்ப்பும் எதிரொலியும்

கிட்டார் சரியாக இருந்தும் பழைய பதிவின் ஒலி வரவில்லை என்றால் குறை பெரும்பாலும் இங்கேதான். 6120-க்கு டிலேயில் ஒரே ஒரு திரும்பல், 120 முதல் 140 மில்லிநொடி, மூல ஒலியைவிடச் சற்றே தாழ்ந்த அளவு. ரீவெர்ப் அதிகம் போட்டால் இந்தத் துடிப்பு கரைந்துவிடும். கேசினோவுக்கு 15 முதல் 30 வாட் வால்வ் ஆம்ப், பெடல் இல்லாமல். 335-க்கு மட்டும் மிட் குமிழைக் கொஞ்சம் இறக்குங்கள். கெயின் அதிகமுள்ள நவீன ஆம்ப்பில் வெற்றுடல் கிட்டாரைச் செருகிவிட்டுக் கிட்டாரைக் குறை சொல்லிப் பயனில்லை.

அசலா, மறுவார்ப்பா?

பழைய க்ரெட்சுக்கு முதல் எதிரி அதன் பைண்டிங். செல்லுலாய்ட் முதுமையடையும்போது நைட்ரிக் ஆவியை விடும். அருகில் உள்ள உலோகம் பச்சை பூக்கும், திருகு துருப்பிடிக்கும், பைண்டிங் பொடியாக உதிரும். வெப்பமும் ஈரப்பதமும் இதை விரைவுபடுத்தும். சென்னை மாதிரி ஊரில் மூடிய பெட்டிக்குள் வருடக்கணக்கில் வைத்தால் ஒரு மூலையில் தொடங்கியது சுற்றிப் பரவிவிடும். எஃப் துளை விளிம்பு, நெக் ஓரம், கீறலைத் தடுக்கும் தகடான பிக்கார்டின் அடிப்பக்கம் மூன்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பைண்டிங் முழுவதையும் மாற்றினால் வண்ணத்தையும் தொட வேண்டிவரும். செலவும் விலைச் சரிவும் சேர்ந்தே வரும்.

இரண்டாவது, நெக் கோணம். பிரிட்ஜின் சக்கரத்தை அடிமட்டத்துக்கு இறக்கியும் 12-ஆவது ஃப்ரெட்டில் தந்தி 2½ மில்லிமீட்டருக்கு மேல் நின்றால் நெக்கைக் கழற்றி மறுபடி பொருத்த வேண்டும். பல க்ரெட்ச்களில் நெக் உடலோடு சேரும் ஹீலுக்குள் ஒரு திருகு மறைந்திருக்கும். அது தெரியாத கைக்காரர் ஆவி பாய்ச்சி இழுத்தால் மரம் பிளக்கும். இதைச் செய்து பழகியவர் உங்கள் ஊரில் இல்லையென்றால் அந்தக் கிட்டாரை விட்டுவிடுங்கள்.

கிப்சனிலும் கேசினோவிலும் முதலில் பார்க்க வேண்டியது, தந்தியை முறுக்கும் ட்யூனர்கள் உள்ள தலையான ஹெட்ஸ்டாக்கின் பின்புறம். மகோகனி நெக், சாய்ந்த தலை. பெட்டியோடு கீழே விழுந்தாலே, தலையடியில் தந்திகள் அமரும் நட் அருகில் முறியும். ஒட்டிய கிட்டார் நன்றாகவே பாடும், ஆனால் விலை பாதிக்கு அருகில் இறங்கிவிடும். சேகரிக்காமல் வாசிக்க வாங்குபவருக்கு அதுவே வாய்ப்பு. அடுத்து நட் அகலம்: 1965 முதல் 43 மில்லிமீட்டரிலிருந்து 40-ஐ ஒட்டிக் குறுகியது. 60-களின் பிற்பாதிக் கிட்டார்கள் மலிவாகக் கிடைப்பதற்கு இது ஒரு காரணம். விரல் தடித்தவருக்குத் திறந்த கார்டுகள் மங்கும். அதே ஆண்டில் 335-இல் பலகையில் திருகிய ஸ்டாப் டெயில்பீஸ் போய், உடலின் கால்மாட்டில் பிடித்திருக்கும் ட்ரபீஸ் வந்தது. ஸ்டாப் டெயில்பீஸ் உள்ள கிட்டாரின் கால்மாட்டில் மூன்று ஆணித் துளைகள் தெரிந்தால் பிற்பாடு மாற்றியது என்று அர்த்தம். க்ளூசன் ட்யூனர்களின் பிளாஸ்டிக் குமிழ்கள் சுருங்கி நொறுங்குவது சாதாரணம். மாற்றலாம், ஆனால் பெரிய துளை போட்டு வேறு ட்யூனர் வைத்திருந்தால் அதைத் திரும்பப் பெற முடியாது.

வண்ணம் அசலா என்று பார்க்க இருட்டறையில் அல்ட்ராவயலட் விளக்கு. முதிர்ந்த நைட்ரோ லாக்கர் பூச்சு மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரும். பிற்காலத்தில் அடித்த இடம் கருத்துத் தெரியும். குமிழ்களுக்கு அடியிலுள்ள பொட்டென்ஷியோமீட்டரின் முதுகில் உள்ள எண்ணும் உதவும்: 134 என்றால் தயாரித்தது சென்ட்ராலேப், 137 என்றால் சி.டி.எஸ், அதன் பின்னால் ஆண்டும் வாரமும். 1346412 என்றால் 1964-இன் 12-ஆவது வாரம். கிட்டார் அதைவிட முந்தையது என்று விற்பவர் சொன்னால் உள்பாகம் மாறியிருக்கிறது. பழைய பிக்கப்புகளில் பெரும்பாலானவை மெழுகில் முக்கப்படாதவை. உரக்க வைத்தால் கீச்சென்று கத்தும். உடலின் ஊளையிலிருந்து வேறுபட்ட கூர்மையான கத்தல் அது. மெழுகில் முக்கினால் அடங்கும். ஆனால் 1950-களின் பேட்டன்ட் ஸ்டிக்கர் ஒட்டிய ஹம்பக்கரில் இதைச் செய்யாதீர்கள்: அதன் பிளாஸ்டிக் பாபின் வெப்பத்தில் வளையும், விலையும் உருகிவிடும்.

பழைய வடிவத்தைப் புதிதாகச் செய்யும் மறுவார்ப்புகளைப் பொறுத்தவரை க்ரெட்சுக்குத்தான் நல்ல செய்தி. 1967-இல் பால்ட்வின் வாங்கிய பிறகு தடுமாறி, 1980-களின் தொடக்கத்தில் நின்றுபோன தயாரிப்பு, 1989-இல் ஜப்பானின் டெராடா ஆலையில் மறுபடி உயிர்பெற்றது. 2003-ஐ ஒட்டி ஃபெண்டர் பொறுப்பேற்ற பின் ட்ரெஸ்ல் பிரேசிங்கும் பழைய அளவுகளும் திரும்பின. அதற்குப் பிந்தைய ஜப்பானிய 6120-ஐத் தயக்கமின்றிச் சொல்வேன்: பைண்டிங் உதிராது, நெக் நேராக இருக்கும், ஒலி அசலோடு தோளுரசி நிற்கும். மலிவு வரிசையில் பெயரைக் கவனியுங்கள். எலெக்ட்ரோமேட்டிக் 5420, ஸ்ட்ரீம்லைனர் 2420 இரண்டும் வெற்றுடல்; 5622, 2622 இரண்டிலும் நடுக்கட்டை உண்டு. கடைக்காரர் எல்லாவற்றையும் ஹாலோபாடி என்றே சொல்வார். கேசினோவின் இன்றைய ஆசியத் தயாரிப்புகள் விலைக்கு மிக நேர்மையானவை. வாங்கியதும் ஃப்ரெட் ஓரங்களைத் தேய்த்து, நட்டைப் புதிதாக வெட்டினால் பாதி வித்தியாசம் மறைந்துவிடும். 335-இல் மட்டும் 60-களின் அசலுக்கும் மலிவு நகலுக்கும் இடைவெளி காதுக்குத் தெளிவாகக் கேட்கும். அங்கே பணம் இருந்தால், ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்திய கிப்சனைத் தேடுவதே நல்லது.

வாங்கிய பின்

6120 வகையில் பிரிட்ஜ் திருகப்படாமல் பலகைமேல் வெறுமனே நிற்கும். அதை நிறுத்துவது தந்தியின் அழுத்தம் மட்டுமே. .009 அங்குலத்தில் தொடங்கும் மெல்லிய தந்தி போட்டு வேகமாக ஸ்ட்ரம் செய்தால் அது நகரும், சுருதி முழுவதும் கெடும். .011-இல் தொடங்கும் நிக்கல் செட் பாதுகாப்பு. பிரிட்ஜ் ஊசியால் நிலைநிறுத்தப்பட்டிருந்தால் .010 போதும். அடிக்கட்டை வளைவோடு பொருந்தவில்லையென்றால் பலகைமேல் 120-ஆம் எண் உப்புத்தாளை, சொரசொரப்புப் பக்கம் மேலே இருக்கும்படி விரித்து, கட்டையை முன்னும் பின்னும் தேய்த்துப் படியவையுங்கள். பலகைக்கும் தாளுக்கும் நடுவே மாஸ்கிங் டேப் வேண்டும். பிறகு 12-ஆவது ஃப்ரெட்டில் தந்தியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கையும் அழுத்திய சுரத்தையும் ஒப்பிடுங்கள். அழுத்திய சுரம் ஏறிக் கேட்டால் அந்தப் பக்கத்தை டெயில்பீஸ் நோக்கித் தள்ளுங்கள். தள்ளும் முன் தந்தியை அரைச்சுற்றாவது தளர்த்த வேண்டும், இல்லையேல் வண்ணம் கீறும். இடம் கிடைத்ததும் டேப்பால் அடையாளம் வைத்து, தந்திகளை எப்போதும் ஒவ்வொன்றாகவே மாற்றுங்கள்.

பிக்ஸ்பியில் தந்தி மாட்டுவதுதான் பலரையும் எரிச்சலூட்டும் வேலை. பந்து முனையை அடுத்த 2 சென்டிமீட்டரை ஒரு பென்சில்மேல் வளைத்துக் கொக்கியாக்கி, ஊசியில் மாட்டி, உருளைக்கு அடியில் ஃபோம் துண்டைச் செருகினால் ட்யூனரில் சுற்றும்வரை கழலாது. வைப்ராட்டோவுக்குப் பின் சுருதி ஏறி நின்றால் நட்டில் தந்தி பிடிக்கிறது. தாழ்ந்து நின்றால் பிரிட்ஜில். நட் பள்ளத்தில் பென்சில் கரியைத் தேய்ப்பது பெரும்பாலும் போதும்.

எஃப் துளை வழியாகத்தான் ஒயரிங் முழுவதும் வெளியே வர வேண்டும் என்பதால் பிக்கப் மாற்றத்துக்குத் திடஉடல் கிட்டாரைவிடப் பல மடங்கு கூலி ஆகும். ஒவ்வொரு குமிழ்த் தண்டிலும் நூல் கட்டிவிட்டு உள்ளே தள்ளினால் திரும்ப இழுக்கலாம். பிக்கப் பிடிக்கவில்லை, பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று எண்ணி வாங்காமல், பிக்கப் பிடித்த கிட்டாரையே வாங்குவது இங்கே லாபம்.

வெளிநாட்டிலிருந்து அசல் வாங்கினால் ஃபிங்கர்போர்டு மரத்தைக் கேளுங்கள். 1960-களின் நடுப்பகுதி வரையான கிப்சன்களிலும் கேசினோக்களிலும் பிரேசில் ரோஸ்வுட் இருக்க வாய்ப்பு அதிகம். அது 1992 முதல், அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் உள்ளது; இரு நாட்டு ஆவணங்களோ, அதற்கு முந்தைய மரம் என்ற சான்றிதழோ இல்லாமல் எல்லை தாண்டினால் சுங்கம் பிடித்து வைக்கும். பிற்பாடு கிப்சன் மாறிய இந்திய ரோஸ்வுட், நம் மேற்குத்தொடர்ச்சி மலை ஈட்டிதான். அதில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 இறுதியிலிருந்து விலக்கு உண்டு. 1958-க்குப் பிந்தைய 6120 பெரும்பாலும் கருங்காலி ஃபிங்கர்போர்டு. இந்தச் சிக்கலே எழாது. அனுப்புபவரிடம் தந்திகளைத் தளர்த்தச் சொல்லுங்கள், டெயில்பீஸுக்கு அடியில் ஃபோம் வைக்கச் சொல்லுங்கள், அதற்கு முன் பிரிட்ஜ் நிற்கும் இடத்தை அளவுகோல் வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.